தாவரச் செல் உணர்வதை ஆராய ஒரு வாழ்நாள் போதுமா? இத்துறைக்கு வர நினைப்பவனின் கேள்வி

விதையுறை:

அனைவருக்கும் வணக்கம். நான் தாவரவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். வயது இருபத்து நான்கு. ஒளி, தொடுகை, வறட்சி, கிருமியின் வருகை போன்றவற்றை ஒரு தாவரச் செல் எவ்வாறு அறிந்துகொள்கிறது, அறிந்ததைத் தன் உட்கருவுக்கும் அண்டைச் செல்லுக்கும் எவ்வாறு தெரிவிக்கிறது என்ற கேள்வியிலேயே முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். இந்த விருப்பம் எனக்குள் வேர்விட்டது ஒரு காணொளியைப் பார்த்தபோது. மசாட்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் ஆகியோரின் குழு 2018இல் வெளியிட்ட அந்தக் காணொளியில் ஒரு புழு இலையைக் கடிக்கிறது. கடிபட்ட இடத்தில் தோன்றும் ஒளி இலை நரம்புகளின் வழியே பரவி, ஓரிரு நிமிடங்களில் தொலைவில் உள்ள இலைகளையும் எட்டிவிடுகிறது. செல்லுக்குள் கால்சியம் அயனிகள் பெருகுவதைக் காட்டும் ஒளிர்புரதத்தின் வெளிச்சம் அது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல்முறை பார்த்தபோது, அசையாமல் நிற்கும் ஒரு செடி தன் உடலெங்கும் செய்தி சொல்லிக்கொள்வதைக் கண்ணால் காண்கிறோமே என்ற வியப்பு மட்டும்தான் இருந்தது.

தயக்கம் அதற்குப் பின்னர் வந்தது. நான் கலந்து பேசிய பலரும், துறை அழகானதுதான், ஆனால் அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்வது கடினம் என்கிறார்கள். ஒரு சமிக்ஞையை ஏற்கும் புரதத்தைக் கண்டறியப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; முனைவர் பட்டத்துக்கோ ஐந்தாறு ஆண்டுகள்தாம்; அதன் பின்னர் கிடைக்கும் முதுமுனைவர் பணிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோகும். கேள்வி கேட்கும் காலம் ஒன்றாகவும் ஆய்வாளனுக்குக் கிடைக்கும் காலம் வேறொன்றாகவும் இருக்கும்போது, இத்துறையில் இருப்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? எதைக் கொண்டு உங்கள் கேள்வியைத் தேர்ந்தீர்கள்?

வேர்நுனி:

விதையுறை அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேர்களை ஆராய்ந்து அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் பேசியவர்கள் கால அளவைப் பற்றிச் சொன்னது உண்மைதான். தாவரத்தின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல்லின் முளைக்குருத்து உறையை வைத்துச் சோதனை செய்து, ஒளியை உணர்வது நுனி என்றும், வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்றும், ஆகவே ஏதோ ஒரு தாக்கம் மேலிருந்து கீழே கடத்தப்படுகிறது என்றும் முடிவு செய்தார்கள். 1920களின் பிற்பகுதியில் ஃபிரிட்ஸ் வென்ட் அந்தத் தாக்கத்தை ஓர் அகார் துண்டுக்குள் இறங்கச் செய்து, அது ஒரு வேதிப்பொருள்தான் என்று காட்டினார். அந்தப் பொருளைச் செல்லில் எது ஏற்கிறது என்பதற்குத் தெளிவான விடை 2005இல்தான் கிடைத்தது. மார்க் எஸ்டெல், ஓட்டலின் லெய்சர் ஆகிய இருவரின் குழுக்களும் ஒரே நேரத்தில், டிஐஆர்1 என்ற புரதமே ஆக்சினின் ஏற்பி என்று வெளியிட்டன. வளைவைக் கண்டதற்கும் ஏற்பியைக் கண்டதற்கும் இடையே 125 ஆண்டுகள்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. டிஐஆர்1 2005இல் புதிதாகத் தோன்றிய புரதம் அன்று. ஆக்சின் கடத்தலைத் தடுக்கும் பொருளுக்குச் சரியாக எதிர்வினை காட்டாத சடுதிமாற்றச் செடிகளிலிருந்து அதன் மரபணு 1990களிலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. புரதங்களைச் சிதைவுக்கு அனுப்பும் அமைப்பின் ஒரு பகுதி என்பதும் தெரிந்திருந்தது. ஆக்சின் எங்கோ ஓர் ஏற்பியில் உட்கார்ந்து, அதிலிருந்து செய்தி பல படிகள் கடந்து டிஐஆர்1ஐ வந்தடைகிறது என்றுதான் எங்களில் பலர் எண்ணியிருந்தோம். கடைசியில் இடையில் படிகளே இல்லை. ஆக்சின் நேராக டிஐஆர்1இன் குழிவுக்குள் அமர்ந்து, மரபணுக்களை இயங்கவிடாமல் வைத்திருக்கும் அடக்கிப் புரதத்தை அதனுடன் பசைபோல் ஒட்டவைக்கிறது, ஒட்டிய அடக்கிப் புரதம் சிதைகிறது, அதுவரை அடங்கியிருந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. 2007இல் வெளிவந்த படிக அமைப்பில் அந்தப் பசைத்தன்மையைக் கண்ணெதிரே கண்டபோது, ஏழெட்டு ஆண்டுகளாகக் கைக்குள் இருந்ததை வேறெங்கோ தேடியிருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சடுதிமாற்றச் செடியை முதலில் பிரித்தெடுத்த மாணவர் தம் ஆய்வேட்டில் ஏற்பியைக் கண்டதாக எழுதியிருக்க முடியாது. ஆனாலும் அந்த ஆய்வேடு உண்மையானது; பின்னால் வந்தவர்கள் அதன் மேல்தான் நின்றார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது: ஏற்பியைக் கண்டுபிடிப்பது என்பதை முனைவர் பட்டத்தின் இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். செல் எதையோ உணர்ந்துவிட்டது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டும் ஓர் எளிய அளவுகோல் எந்த ஆய்வகத்தில் இருக்கிறதோ, அங்கே போங்கள். வாயு வடிவ ஹார்மோனான எத்திலீனின் ஆய்வு வளர்ந்தது அப்படித்தான். 1901இல் டிமிட்ரி நெல்யுபோவ் என்ற இளம் ஆய்வாளர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருட்டில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் குட்டையாகவும் தடித்தும் கிடைமட்டமாகவும் போவதைப் பார்த்து, விளக்கு எரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டார். மூன்று மாற்றங்கள், ஒரே பார்வையில் தெரிபவை. 1988இல் ஆண்டனி பிளீக்கரும் உடன் உழைத்தவர்களும் அதே அளவுகோலைத்தான் அரபிடாப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் சிறு செடியில் பயன்படுத்தினார்கள்: எத்திலீன் நிரம்பிய இருட்டில் ஆயிரக்கணக்கான நாற்றுகள் குட்டையாகக் கிடக்க, நடுவே நெட்டையாக நிமிர்ந்து நின்றதைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த வழியில் கிடைத்த ஈடிஆர்1 மரபணுவை 1993இல் பிரித்துப் படித்தபோது, பாக்டீரியாக்கள் தம் சூழலை உணரப் பயன்படுத்தும் புரதங்களின் சாயல் அதில் இருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு வேறுபாடு இருந்ததால்தான் அது கிடைத்தது.

காப்புசெல்:

வேர்நுனி ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் அன்றாடத்தைச் சொல்கிறேன். நான் இப்போது இரண்டாவது முதுமுனைவர் பணியில் இருக்கிறேன்.

விதையுறை, நீங்கள் கண்ட காணொளி சில நிமிடங்கள் ஓடுவது. அதற்கு முன்னால் நடப்பது வேறு. அரபிடாப்சிஸின் விதை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அவற்றை ஆல்கஹாலிலும் வெளுப்பு நீரிலும் கழுவி, கிருமிநீக்கிய நீரில் பலமுறை அலசி, மிக மெல்லிய அகார் கரைசலில் மிதக்கவிட்டு, பிப்பெட் முனையில் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பெட்ரி தட்டின் மேல் ஒரே வரிசையில் வைக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாட்கள் குளிரிலும் இருளிலும் வைத்து, எல்லா விதைகளும் ஒரே நேரத்தில் முளைக்கும்படி செய்து, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வளர்க்க வேண்டும். தட்டின் விளிம்பை எதைக்கொண்டு ஒட்டுகிறோம் என்பதுகூட முக்கியம். காற்றுப் புகாமல் இறுக்கி ஒட்டினால் நாற்று வெளியிடும் எத்திலீன் உள்ளேயே தேங்கி, வேரின் வளர்ச்சி நாம் எதையும் செய்யாமலேயே மாறிவிடும். ஒளிர்புரதம் உள்ள இலையைக் கன்ஃபோகல் நுண்ணோக்கியின் கீழே வைக்கும்போது நான் ஒரு முறைக்கு இருமுறை யோசித்துத்தான் கையை நீட்டுவேன்; ஏனென்றால் கண்ணாடித் தகட்டின் மேல் இலையைப் படுக்கவைப்பதும் ஒரு தொடுகைதான், அதற்கும் கால்சியம் எழும். படுக்கவைத்த பிறகு அது அடங்கும் வரை இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அடங்கிய பின்னர் ஒரு நுண்ணூசியால் ஒரே ஒரு செல்லைக் குத்துகிறேன். திரையில் அந்தச் செல் வெளுத்து ஒளிர்கிறது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் அடுத்த செல், பிறகு அதற்கடுத்தது. ஆறு ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றும் அந்தக் கணத்தில் எனக்கு வேறு நினைவு வருவதில்லை.

ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில், உப்பை உணர்வதில் குறைபாடுள்ள ஒரு சடுதிமாற்றச் செடி எனக்குக் கிடைத்தது. செல் சவ்வில் இருக்கும் ஓர் ஏற்பிக் கைனேஸின் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) மரபணு அதில் உடைந்திருந்தது. உப்பு சேர்த்த தட்டில் இயல்பான செடியின் வேர் திரும்பி வளர, இதன் வேர் நேராகவே சென்றது. நான் அந்த மரபணுவின் மேல் பதினான்கு மாதங்கள் உழைத்தேன், மாநாட்டில் சுவரொட்டியாகவும் வைத்தேன். பின்கலப்பு (இயல்பான செடியுடன் மீண்டும் கலப்பது) செய்து பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று கேட்டபோது நெறியாளர் அதற்கு நேரமில்லை என்றார், நானும் வற்புறுத்தவில்லை. கடைசியில், இயல்பான செடியுடன் கலந்து இரண்டாம் தலைமுறையை வளர்த்தபோது, வேர் திரும்பாத தன்மை ஒரு பக்கமாகவும் அந்த உடைந்த மரபணு இன்னொரு பக்கமாகவும் பிரிந்து போய்விட்டன. செடியில் வேறெங்கோ இரண்டாவது ஒரு செருகல், அதாவது மரபணுவை உடைக்கப் புகுத்தும் டிஎன்ஏ துண்டு, இருந்திருக்கிறது. எண்பது நாற்றுகளின் மரபணு வகையைக் கண்ணாடித் தாளில் குறித்துவைத்து, அதன் அருகே வேரின் கோணத்தை எழுதிப் பொருத்திப் பார்த்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் பத்து வரிகளிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் எண்பதையும் எழுதி முடித்தேன்.

அதன் பின்னர் எஞ்சிய காலத்தில் வேறொரு சிறிய கேள்வியை எடுத்து ஆய்வேட்டை முடித்தேன். இத்துறையில் இருக்க வேண்டுமானால், முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய சலிப்பூட்டும் சோதனைகளைச் செய்வதற்கு நேரம் தரும் நெறியாளர் வேண்டும். உங்கள் தேர்வில் அதற்கே முதலிடம் தருவேன்.

விதையுறை:

காப்புசெல் அம்மா, இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வேர்நுனி ஐயா, நீங்கள் கூறிய எளிய அளவுகோல் என்ற கருத்தை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு கேள்வி: இன்று மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டுவிட்டது, அரபிடாப்சிஸில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட ஏற்பி போன்ற கைனேஸ்கள் இருப்பதும் தெரியும். அப்படியிருக்க, இன்னும் ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டுமா?

மடிப்பு:

நான் புரதங்களின் முப்பரிமாண அமைப்பைக் கணினிவழி ஆராய்பவன். தாவரவியல் பின்புலம் குறைவு. விதையுறை கேட்டதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். பெரியவர்கள் சொல்லும் கால அளவுகள் பழைய காலத்தவை என்றே எண்ணுகிறேன். ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்த பிறகு ஏறத்தாழ எல்லாப் புரதங்களின் வடிவத்தையும் கணிக்க முடிகிறது. 2024இன் வேதியியல் நோபல் பரிசும் இவ்வகைப் பணிக்கே கிடைத்தது. புரதத்துடன் சிறு மூலக்கூறு எங்கே அமரும் என்பதையும் இப்போது கணிக்கிறார்கள். ஹார்மோன் ஒன்றின் வடிவம் தெரிந்தால், அதற்குப் பொருந்தும் குழிவுள்ள புரதங்களைச் சில வாரங்களில் பட்டியலிட்டுவிடலாம். தொடங்கும் ஒருவர் தம் ஐந்தாண்டுகளைத் தட்டில் விதை அடுக்குவதில் செலவிடுவதைவிட இதைக் கற்பது தொழிலுக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

வேர்நுனி:

மடிப்பு அவர்களே, நீங்கள் கூறும் கருவிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். என் மாணவர்கள் அவற்றை நாள்தோறும் பயன்படுத்தினார்கள். அவை தேடலைச் சுருக்கும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பிணைவது வேறு, உணர்வது வேறு. இதை நான் ஒரு கொள்கையாகச் சொல்லவில்லை. எங்கள் துறை இதற்காகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

ஏபிபி1 என்ற புரதத்தின் கதை அது. 1972இல் மக்காச்சோளத்தின் சவ்வுகளில் ஆக்சின் பிணைவது தெரியவந்தது. 1980களில் அந்தப் புரதம் தூய்மையாக்கப்பட்டது, அதன் மரபணுவும் கிடைத்தது. 2002இல் ஆக்சின் வகைப் பொருள் அதன் குழிவுக்குள் அமர்ந்திருக்கும் படிக அமைப்பே வெளிவந்தது. உங்கள் கணிப்பு தரக்கூடியதைவிட உறுதியான சான்று அது. அணுவுக்கு அணு தெரிந்தது. அதற்கு ஓர் ஆண்டு முன்னர், 2001இல், இந்த மரபணு முற்றிலும் உடைந்த அரபிடாப்சிஸ் கருநிலையிலேயே இறந்துவிடுகிறது என்றும் காட்டப்பட்டிருந்தது. பிணைகிறது, இல்லாவிட்டால் செடியே இல்லை: வேறென்ன வேண்டும்? பாடநூல்களில் ஏறியது. பலர் தம் ஆய்வு வாழ்க்கையையே அதன் மேல் கட்டினார்கள், நானும் ஒரு காலத்தில் அதற்கு மாணவர் ஒருவரை நியமித்தேன்.

2015இல், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையால் அந்த மரபணுவை மட்டும் துல்லியமாக உடைத்த செடிகள் எந்தக் குறையுமின்றி வளர்ந்தன. அதே ஆண்டில், பழைய செடிகளின் கரு இறந்ததற்கான காரணமும் வெளிவந்தது: பழைய சடுதிமாற்றம் பக்கத்திலிருந்த இன்னொரு மரபணுவையும் கெடுத்திருந்தது. காப்புசெல் எழுதியிருக்கிறாரே, இரண்டாவது செருகல், கிட்டத்தட்ட அதே வகைத் தவறுதான். ஒரு மாணவியின் பதினான்கு மாதங்களில் நேர்ந்தது, ஒரு துறைக்குப் பதினான்கு ஆண்டுகளில் நேர்ந்தது. நான் என் மாணவரை வேறு தலைப்புக்கு மாற்றினேன். அவருக்கு அதனால் ஏற்பட்ட இழப்பை நான் ஈடுசெய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கதை அங்கும் முடியவில்லை. 2022இல் யீரி ஃப்ரிமலின் குழு, ஏபிபி1 செல்லின் வெளிப்புறத்தில் டிஎம்கே1 என்ற சவ்வுக் கைனேஸுடன் சேர்ந்து இயங்கி, ஆக்சின் வந்தவுடன் மிக விரைவாகப் பல புரதங்களில் பாஸ்பேட் ஏற்றத்தைத் தூண்டுகிறது என்று காட்டியது. ஆக, ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் புரதத்துக்கு மீண்டும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் நாங்கள் நினைத்த வேலை அன்று. 2002க்குப் பிறகு குழிவின் வடிவத்தைப் பற்றி ஒருவருக்கும் ஐயம் இருந்ததில்லை. செடி அதைக்கொண்டு என்ன செய்கிறது என்பதுதான் எப்போதும் கேள்வி. அதற்கு விடை சொல்ல விதை அடுக்கத்தான் வேண்டும்.

அப்சிசிக் அமிலத்துக்கும் இப்படி ஒரு முறை நடந்தது. 2006இல் ஒரு புரதம் அதன் ஏற்பி என்று மிகப் புகழ்பெற்ற இதழில் வெளியாகி, 2008இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. உண்மையான விடை 2009இல் வந்தது. அதைத் தொழில்துறையில் இருக்கும் நண்பர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

தண்டுமுனை:

ஐயா அழைத்ததால் எழுதுகிறேன். முனைவர் பட்டம் முடித்து, ஒரு முதுமுனைவர் பணிக்குப் பிறகு பயிர்ப் பாதுகாப்புத் தொழிலுக்கு வந்தவன் நான். வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன.

அப்சிசிக் அமிலம் வறட்சியின் ஹார்மோன். மண் காயும்போது அது பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்து, நீர் வெளியேறாமல் காக்கிறது. அதன் ஏற்பி ஏன் அவ்வளவு காலம் அகப்படவில்லை என்றால், அரபிடாப்சிஸில் அது ஒரே புரதம் அன்று. ஒன்றுக்கொன்று மாற்றாக இயங்கும் 14 புரதங்களின் குடும்பம். ஒன்றை உடைத்தால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடும், செடியில் எந்த மாற்றமும் தெரியாது. மரபியல் வழியில் தேடியவர்கள் கண்ணுக்கு அது படாமல் போனது இதனால்தான். ஷான் கட்லரின் குழு வேதியியல் வழியில் வந்தது. விதை முளைப்பதைத் தடுக்கும் பைராபாக்டின் என்ற செயற்கைப் பொருள், அந்தக் குடும்பத்தில் சிலவற்றை மட்டும் தொடுவது. அந்தப் பொருளுக்கு அடங்காமல் முளைத்த விதைகளைத் தேடியபோது பைஆர்1 மரபணு கிடைத்தது. எர்வின் கிரில்லின் குழுவும் அதே ஆண்டில் வேறு வழியாக அதே குடும்பத்தை வந்தடைந்தது. அதே கட்லர் குழு 2015இல், நோய்த் தடுப்புக்காக ஏற்கெனவே பயிர்களில் தெளிக்கப்பட்டு வந்த மாண்டிப்ரோபமிட் என்ற மருந்தை உணரும்படி பைஆர்1 புரதத்தை மாற்றியமைத்து, அந்த மருந்தைத் தெளித்தால் செடி நீரைச் சேமிக்கும்படி செய்துகாட்டியது. ஏற்பியை அறிவதற்கும் வயலுக்கும் இடையே உள்ள தூரம் சில நேரங்களில் இவ்வளவுதான்.

எத்திலீன் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. எட்வர்டு சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் ஆகிய இருவரும் கண்டறிந்த 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன், எத்திலீன் ஏற்பியில் எத்திலீனுக்கு முன்பாகவே போய் அமர்ந்துகொள்ளும் ஒரு வாயு. ஆப்பிள்கள் சேமிப்பறையில் மாதக்கணக்கில் பழுக்காமல் உறுதியாக இருப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே விதையுறை, பேராசிரியர் பதவி மட்டுமே இத்துறையின் முடிவு என்று எண்ண வேண்டாம். என்னுடன் ஆய்வு செய்தவர்களில் பேராசிரியராக இருப்பவர்கள் குறைவு; பலர் விதை நிறுவனங்களிலும், நுண்ணோக்கி மையங்களிலும், காப்புரிமைப் பணியிலும் இருக்கிறார்கள். ஆனால் தொழில்துறையில் ஒன்று கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் வேலை செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்று கேட்க நேரம் தரப்படுவதில்லை; அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். அந்த ‘ஏன்’ தான் உங்களை இழுக்கிறது என்றால், முடிந்தவரை ஆய்வகத்திலேயே இருங்கள். நான் அதை விட்டு வந்ததை இன்றும் உணர்கிறேன்.

காப்புசெல்:

தண்டுமுனை எழுதியதில் கடைசிப் பகுதி என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. நானும் ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் இதையே யோசிக்கிறேன்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முந்தைய பதிவில் அவற்றைச் சலிப்பூட்டுபவை என்று எழுதிவிட்டேன். ஜேனட் பிராம் முதுமுனைவராக இருந்தபோது, அரபிடாப்சிஸின் மேல் ஹார்மோன் தெளித்தால் எந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன என்று தேடினார். சில மரபணுக்களின் இயக்கம் தெளித்த அரை மணி நேரத்துக்குள் பன்மடங்கு உயர்ந்தது. ஒப்பீட்டுக்காக வெறும் நீர் தெளித்த செடிகளிலும் அதே உயர்வு இருந்தது. சோதனை கெட்டுவிட்டது என்று அவர் விட்டிருக்கலாம். விடாமல் தேடியபோது, செடிக்குப் பொருட்டாக இருந்தது தெளிக்கும்போது நேர்ந்த தொடுகைதான் என்று தெரிந்தது. காற்று வீசினாலும் கையால் தடவினாலும் அதே மரபணுக்கள் இயங்கின. 1990இல் வெளியான அந்தக் கட்டுரை, தொடுகையை உணர்வது என்ற ஒரு துறையையே திறந்தது. அந்த மரபணுக்களில் முதலாவது, கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் புரதத்துக்கானது. நீங்கள் கண்ட காணொளிக்கும் நீர் தெளித்த அந்தச் செடிக்கும் நேரான உறவு இருக்கிறது.

வேர்நுனி:

இதைத்தான் நானும் எழுத நினைத்தேன். கூடவே ஜோன் கோரியையும் நினைவுகூர்கிறேன். 2024இல் நாம் இழந்த மாபெரும் ஆய்வாளர். ஒளியை ஆராய வந்தவர் அவர். இருட்டிலும் வெளிச்சத்தில் வளர்ந்ததுபோல் விரியும் சடுதிமாற்றச் செடிகளைத் தேடினார். அப்படிக் கிடைத்த ஒன்றின் மரபணு, 1996இல் படித்துப் பார்த்தபோது, விலங்குகளில் ஸ்டீராய்டு ஆக்கும் நொதியை ஒத்திருந்தது. ஒளியைத் தேடிப் போனவர் தாவர ஸ்டீராய்டு ஹார்மோனிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் பிஆர்ஐ1 என்ற ஏற்பியின் மரபணுவும் அவர் ஆய்வகத்திலிருந்தே வந்தது. விலங்கின் ஸ்டீராய்டு ஏற்பிகள் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும். இதுவோ செல்லின் சவ்வில் இருந்தது. பார்க்கின்சன் நோயுடன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆய்வகத்தை நடத்தினார். தொடங்கிய கேள்வியை அவர் கைவிடவில்லை; அது தன்னை அழைத்துச் சென்ற இடத்துக்கெல்லாம் போனார். தம்பி, கேள்வியை எப்படித் தேர்வது என்று கேட்டீர்களே, நான் அறிந்தவரை இதைவிட நல்ல விடை இல்லை.

மடிப்பு:

ஏபிபி1 கதையை நான் அறிந்திருக்கவில்லை. 2002இன் படிக அமைப்பை இன்று பதிவிறக்கிப் பார்த்தேன்; குழிவில் ஆக்சின் அவ்வளவு பொருத்தமாக அமர்ந்திருக்கிறது. அதை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஏற்பி என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் விதையுறை இரண்டையும் கற்க வேண்டும் என்ற என் வேண்டுகோள் அப்படியே இருக்கிறது.

விதையுறை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஆய்வகங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, பெரிய குழு. புதிய ஏற்பியைக் கண்டுபிடிப்பதே திட்டத்தின் தலைப்பு. மற்றொன்றில் நெறியாளரையும் சேர்த்து ஐந்து பேர். வேர் ஒரு தடையில் மோதும்போது வெளிப்புற அடுக்குச் செல்களில் கால்சியம் எந்த ஒழுங்கில் எழுகிறது என்பதை அளக்கிறார்கள். இதுவரை முதலாவதைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு, இரு நெறியாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்கப் போகிறேன்: ஒரு சடுதிமாற்றச் செடி கையில் கிடைத்ததும், அதைப் பற்றி முதல் கட்டுரை எழுதும் முன் என்னென்ன சோதனைகளுக்கு நேரம் தருவீர்கள்? விடைகளை இங்கே வந்து பதிகிறேன்.

காப்புசெல்:

கட்டாயம் பதியுங்கள். முடிந்தால், அங்கே இப்போது இருக்கும் மாணவர்களிடமும் தனியாகக் கேளுங்கள்: கடைசியாகப் பின்கலப்பு செய்தது எப்போது, அது முடியும் வரை யார் காத்திருந்தார்கள் என்று.